'ஒரே வாரத்துல கலர் வரணும் அக்கா!' பெரம்பலூர், அரியலூரில் சரும பராமரிப்பு வேலை: ஃபேஷியல் போடத் தெரிந்தால் மட்டும் போதுமா?

முகூர்த்தத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. கல்யாணப் பொண்ணு, அம்மா, சித்தி என்று மூன்று பேர் பார்லருக்குள் வருகிறார்கள். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேள்வி வந்துவிடுகிறது: "அக்கா, ஒரே வாரத்துல கலர் வரணும். என்ன போட்டா வரும்?"

பெரம்பலூரோ, அரியலூரோ, ஜெயங்கொண்டமோ, இந்தக் கேள்வியைக் கேட்காத பார்லர் எந்த ஊரிலும் இருக்காது. "வரும்மா, ஒரு க்ரீம் இருக்கு" என்று சொன்னால் வாடிக்கையாளர் சந்தோஷமாகப் பணம் கொடுப்பார். "நிறம் மாறாது, முகம் பளிச்சுன்னு இருக்கும், அவ்வளவுதான்" என்று சொன்னால் பக்கத்து கடைக்குப் போய்விடலாம்.

பியூட்டிஷியன் வேலை என்றால் பலரும் மேக்கப், ஐப்ரோ, ஃபேஷியல் என்றுதான் நினைக்கிறோம். ஆனால் இந்த வேலையில் கஷ்டமான பகுதி, எந்த முகத்தில் கை வைக்கலாம், எந்த முகத்தை டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்துகொள்வது. தோலில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் நம் ஊரில் நிறைய பேர் முதலில் காட்டுவது பார்லர் அக்காவிடம்தான். அதனால் அவர் சொல்லும் 'வேண்டாம்' சில நேரம் ஒருவரின் சிறுநீரகத்தையே காப்பாற்றும். எப்படி என்று பார்ப்போம்.

யார் இந்த 'ஸ்கின் ஸ்பெஷலிஸ்ட்'?

கடைப் பலகையில் 'ஸ்கின் ஸ்பெஷலிஸ்ட்' என்று எழுதியிருக்கும். ஆனால் தோல் சம்பந்தப்பட்ட வேலையில் இரண்டு தனித்தனி ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒருவர் தோல் மருத்துவர். எம்பிபிஎஸ் முடித்து, அதற்கு மேல் தோல் மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டுபிடித்து மருந்து எழுதுவது அவர் வேலை.

இன்னொருவர் சலூன், ஸ்பா, பார்லரில் வேலை செய்யும் சரும பராமரிப்பு நிபுணர். நோய் இல்லாத தோலைச் சுத்தம் செய்வது, இறந்த செல்களை நீக்குவது, ஈரப்பதம் கொடுப்பது, மசாஜ், வேக்சிங், த்ரெட்டிங் எல்லாம் இவர் வேலை. இவருடைய எல்லை தோலின் மேல் அடுக்கோடு முடிந்துவிடுகிறது. ஊசி போடுவது, மருந்து க்ரீம் கொடுப்பது எல்லாம் அந்த எல்லைக்கு வெளியே.

டாக்டருக்கும் நர்ஸுக்கும் இருப்பது போல, பியூட்டிஷியன்களுக்குப் பதிவு எண் கொடுக்கும் கவுன்சில் இந்தியாவில் இல்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிவிடலாம். இதனால்தான் முறையாகப் பயிற்சி எடுத்தவருக்கும் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டவருக்கும் வெளியே வித்தியாசம் தெரிவதில்லை. வித்தியாசம் தெரிவது ஏதாவது தப்பாக நடக்கும்போதுதான்.

ஒரு ஃபேஷியலில் உண்மையில் என்ன நடக்கிறது?

ஒரு ஃபேஷியலுக்குச் சுமார் ஒரு மணி நேரம் ஆகும். கிளென்சிங், ஸ்க்ரப், ஸ்டீம், பிளாக்ஹெட் எடுப்பது, மசாஜ், பேக், கடைசியில் மாய்ஸ்சரைசர், சன் ஸ்க்ரீன். ஒவ்வொரு படிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தவர்தான் தேவையில்லாத படியை விட்டுவிடவும் தெரிந்தவர்.

உதாரணத்துக்கு ஸ்க்ரப். தோலின் மேல் அடுக்கில் இறந்த செல்கள் இருக்கின்றன. மேல்தோல் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ள சுமார் நான்கு வாரம் ஆகிறது. ஸ்க்ரப் அந்தப் பழைய செல்களை லேசாக எடுத்துவிடுகிறது. அழுத்தித் தேய்த்தால் நல்ல அடுக்கும் சேர்ந்து போய்விடும். பரு பழுத்திருக்கும் முகத்தில் ஸ்க்ரப் போட்டால் பரு இன்னும் மோசமாகும்.

மூக்கில் கருப்பாகத் தெரிவதை 'அழுக்கு' என்று நினைத்துத் தேய்ப்பவர்கள் நிறைய பேர். அது அழுக்கு இல்லை. துவாரத்தில் அடைத்துக்கொண்ட எண்ணெயும் இறந்த செல்லும், காற்றுப் பட்டுக் கருத்துப்போயிருக்கிறது. எவ்வளவு சோப்பு போட்டாலும் போகாது. ஸ்டீம் கொடுத்து, சுத்தமான கருவியால் மெதுவாகத்தான் எடுக்க வேண்டும்.

ஃபேஷியல் முடிந்ததும் முகம் பளபளப்பது உண்மைதான். இறந்த செல்கள் போயிருக்கும், மசாஜில் ரத்த ஓட்டம் கூடியிருக்கும், ஈரப்பதம் ஏறியிருக்கும். அந்தப் பளபளப்பு சில நாள் இருக்கும். ஆனால் ஒருவருடைய இயல்பான நிறத்தைத் தீர்மானிப்பது தோலில் உள்ள மெலனின். அது பிறவியில் வருவது. எந்த ஃபேஷியலும் அதை மாற்றாது. வெயிலில் ஏறிய கருமையைக் குறைக்கலாம். அதற்கும் நேரம் வேண்டும், வெயிலில் இருந்து பாதுகாப்பும் வேண்டும்.

ப்ளீச்சும் அப்படித்தான். ஹைட்ரஜன் பெராக்சைடு முகத்தில் உள்ள பூனை முடியின் நிறத்தை வெளுக்க வைக்கிறது. முடி தெரியாததால் முகம் வெளுத்த மாதிரி தெரிகிறது. அதனால்தான் முதல் முறை வருபவருக்குக் காதுக்குப் பின்னாலோ முழங்கையின் உள்பக்கமோ கொஞ்சம் தடவி, 24 மணி நேரம் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இதுதான் பேட்ச் டெஸ்ட். "நாளைக்குக் கல்யாணம், டைம் இல்லை" என்று இதைத் தாண்டிப் போகும்போதுதான் முகம் சிவந்து, எரிந்து, மணமேடையில் தடிப்போடு உட்கார வேண்டி வருகிறது.

நம்ம ஊர் முகத்துக்கு என்ன பிரச்சினை?

பயிற்சிப் புத்தகத்தில் 'உலர்ந்த சருமம், எண்ணெய்ச் சருமம், கலவைச் சருமம்' என்று இருக்கும். பெரம்பலூர், அரியலூரில் நாற்காலியில் வந்து உட்காரும் முகம் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சொல்லும்.

பெரம்பலூர் சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம் விளையும் ஊர். நாள் முழுக்கக் காட்டு வேலை செய்யும் பெண்களின் கன்னத்தில் வரும் பழுப்பு நிறத் திட்டுதான் 'மங்கு'. வெயில், கர்ப்பம், ஹார்மோன் மாற்றம், பரம்பரை என்று இதற்குப் பல காரணங்கள். ப்ளீச் போட்டால் எரிச்சலாகி, திட்டு இன்னும் கருக்கலாம். இவர்களுக்கு முதல் சிகிச்சையே தொப்பி, முக்காடு, சன் ஸ்க்ரீன்தான்.

வரப்பு ஓரத்தில் வெள்ளைப் பூவோடு வளரும் பார்த்தீனியம் செடி இன்னொரு காரணம். இந்தச் செடியால் சிலருக்கு ஒவ்வாமை வரும். கண் இமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று காற்றும் வெயிலும் படும் இடங்களில் அரிப்பும் தடிப்பும் இருந்தால், ஃபேஷியல் கூடவே கூடாது. 'எத்தனை நாளா இருக்கு, காட்டுக்குப் போறீங்களா' என்று ஒரு கேள்வி கேட்டாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. அரசின் டான்செம் ஆலை உட்பட சிமெண்ட் ஆலைகள் நிறைந்த மாவட்டம். ஈர சிமெண்ட் காரத்தன்மை கொண்டது, தோலை அரிக்கும். அதில் உள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். கொத்தனார், சித்தாள் வேலை செய்பவர்களின் கை வெடித்து, தடித்து, அரித்தால் அது 'வறட்சி' மட்டும் இல்லை. மேனிக்யூர் போட்டு மறைக்கும் விஷயமும் இல்லை.

எதில் கை வைக்கக் கூடாது?

சரும பராமரிப்பு வேலைக்குப் போகிறவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய பட்டியல் இது. இவை இருந்தால் சேவையை நிறுத்திவிட்டு, டாக்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

• உணர்ச்சி இல்லாத வெளிர் திட்டு: சுற்றியுள்ள தோலைவிட வெளுத்து அல்லது சிவந்து இருக்கும். தொட்டால் உணர்வு குறைவாக இருக்கும். தேமல் என்று நினைத்து விட்டுவிடுவார்கள். தொழுநோயின் ஆரம்ப அறிகுறியாகவும் இருக்கலாம். ஆரம்பத்திலேயே பிடித்தால் முழுசாகக் குணமாகும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம்.

• கழுத்துக் கருப்பு: பின் கழுத்து, அக்குள் தோல் கருத்து, தடித்து, வெல்வெட் துணி மாதிரி ஆகியிருக்கும். 'அழுக்கு போகல, ப்ளீச் போடுங்க' என்று கேட்பார்கள். இது பல நேரம் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். ப்ளீச்சுக்கு முன்னால் சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

• படர்தாமரை: வட்டமாக, ஓரம் சிவந்து, அரிப்போடு இருக்கும். தொற்றக்கூடியது. அந்த டவல், அந்த வேக்ஸ் பட்டை அடுத்தவருக்குப் போனால் நோயும் போகும்.

• மாறிவரும் மச்சம்: பெரிதாகிறது, நிறம் மாறுகிறது, ரத்தம் வருகிறது என்றால் தொடவே கூடாது. 'மச்சம் எடுக்கிறோம்' என்று பார்லரில் சுட்டு எடுப்பது ஆபத்து.

• பரு மாத்திரை சாப்பிடுபவர்கள்: ஐசோட்ரெட்டினாயின் என்ற மாத்திரை சாப்பிடும்போது தோல் மென்மையாகிவிடும். வேக்சிங் செய்தால் தோலே உரிந்து வரலாம். நிறுத்திய பிறகும் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வது வழக்கம்.

அதனால் புது வாடிக்கையாளர் வந்தால் ஒரு சின்ன நோட்டில் மூன்று விஷயம் எழுதி வைப்பது நல்ல பழக்கம்: என்ன மருந்து சாப்பிடுகிறார், எதற்கு அலர்ஜி, முகத்தில் இதுவரை என்ன க்ரீம் போட்டார். மூன்றாவது கேள்வி ஏன் முக்கியம்? அடுத்து அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

வெள்ளையாக்கும் க்ரீம்: மலப்புரத்தில் நடந்தது என்ன?

கேரளாவின் மலப்புரம் மாவட்டம், கோட்டக்கல். அங்குள்ள ஒரு மருத்துவமனைக்கு, உடம்பு வீங்கி, சிறுநீரில் புரதம் வெளியேறும் நிலையில் நோயாளிகள் வந்தார்கள். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை இப்படி ஒரே வகை சிறுநீரக பாதிப்போடு 22 பேரைக் கண்டறிந்தார்கள். அதில் 15 பேருக்கு, அந்த நோயிலேயே அரிதான ஒரு வகை. டாக்டர்கள் துருவித் துருவிக் கேட்டபோது, அந்த 15 பேரில் 13 பேர் முகத்தை வெளுப்பாக்கும் க்ரீம் பயன்படுத்தியது தெரியவந்தது. காரணமாகச் சுட்டிக்காட்டப்பட்டது க்ரீமில் இருந்த பாதரசம். 2023ல் கேரள மருந்து கட்டுப்பாட்டுத் துறை 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் அழகுசாதனக் கடைகளில் சோதனை நடத்தியது.

பாதரசம் என்ன செய்கிறது? மெலனின் உருவாவதைத் தடுக்கிறது. அதனால் முகம் வேகமாக வெளுக்கும். வாடிக்கையாளர் 'சூப்பர் க்ரீம்' என்பார். ஆனால் அது தோல் வழியாக ரத்தத்துக்குப் போய் சிறுநீரகத்தில் சேர்கிறது. வீட்டில் டவல், தலையணை வழியாகக் குழந்தைகளுக்கும் போகலாம்.

இந்தியாவின் 2020ஆம் ஆண்டு அழகுசாதனப் பொருள் விதிகளின்படி, பாதரசத்தை வேண்டுமென்றே சேர்க்கவே கூடாது. தவிர்க்க முடியாமல் கலந்திருந்தாலும், கண் பகுதிக்கான பொருட்களைத் தவிர மற்றவற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கண் பகுதிக்கான பொருட்களுக்கு 70 பங்கு வரை வரம்பு இருக்கிறது.

இரண்டாவது ஆபத்து ஸ்டீராய்டு க்ரீம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்றவை அவசியமான மருந்துகள். டாக்டர் சொன்ன நோய்க்கு, சொன்ன நாள் வரைக்கும் மட்டும். 'ஃபேர்னஸ் க்ரீம்' மாதிரி தினமும் முகத்தில் போட்டால், முதல் சில வாரம் முகம் பளிச்சென்று இருக்கும். அப்புறம் தோல் மெலிந்து, ரத்த நாளம் வெளியே தெரியும், பரு வரும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் எரியும். எரிகிறது என்று திரும்பப் போடுவார்கள். இப்படியே அடிமையாகிவிடுவார்கள். தோல் மருத்துவர்களின் தொடர் போராட்டத்துக்குப் பிறகு, 2018ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குக் கொண்டுவந்தது.

சரி, ஒரு பார்லர் ஊழியர் என்ன செய்யலாம்?

• தயாரிப்பாளர் பெயர், உரிம எண், பேட்ச் எண், காலாவதி தேதி, உட்பொருள் பட்டியல் இல்லாத டப்பாவைக் கடைக்குள் விடக் கூடாது. பெரிய டப்பாவில் இருந்து சின்ன டப்பாவுக்கு மாற்றிக் கொடுக்கும் 'ஸ்பெஷல் க்ரீம்' வேண்டவே வேண்டாம்.

• வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதிப் பதிவு எண் இருக்க வேண்டும்.

• 'மெர்குரி', 'கலோமெல்' என்ற சொற்கள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'நகையில் படாமல் தடவவும்' என்று எழுதியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். பாதரசம் தங்கத்தோடு சேரும் தன்மை கொண்டது.

• ஒரு வாரத்தில் வெளுக்க வைக்கும் க்ரீம் என்று யாராவது சொன்னால், அந்த வேகமே எச்சரிக்கை மணி.

• குளுட்டாதியோன் ஊசி? சட்டப்படி அழகுசாதனப் பொருள் என்றால் தடவுவது, ஊற்றுவது, தெளிப்பது. ஊசி வழியாக உடம்புக்குள் போகும் எதுவும் அழகுசாதனம் ஆகாது. பார்லரில் ஊசி போட யாருக்கும் அனுமதி இல்லை.

முதலாளியே அப்படி ஒரு க்ரீமை விற்கச் சொன்னால்? வேலைக்குச் சேர்ந்த புதிதில் மறுப்பது கஷ்டம்தான். ஆனால் தடவும் கை உங்களுடையது. வாடிக்கையாளர் வந்து நிற்கப்போவதும் உங்கள் முன்னால்தான். கையுறை இல்லாமல் தினமும் அதைத் தொடும் உங்கள் தோல் வழியாகவும் பாதரசம் போகும். புகார் கொடுக்க வேண்டிய இடம் மருந்து கட்டுப்பாட்டுத் துறை. ஆலோசனைக்கு 104 சுகாதார உதவி எண் இருக்கிறது.

தோல் டாக்டரைப் பார்க்கத் திருச்சிக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்க வேண்டியதில்லை. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. பெரம்பலூரில் மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை இருக்கிறது. முதலில் அங்கே காட்டச் சொல்லலாம்.

எங்கே படிக்கலாம்?

*வங்கிகள் நடத்தும் இலவசப் பயிற்சி:* 1982ல் கர்நாடகாவின் உஜிரேயில் தொடங்கிய ஒரு முயற்சியை முன்மாதிரியாக வைத்து, மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் 'ஊரக சுயவேலைவாய்ப்பு பயிற்சி நிறுவனங்கள்' நடக்கின்றன. பெரம்பலூரில் இதை இந்தியன் ஓவர்சீஸ் வங்கி நடத்துகிறது. அரியலூர் மாவட்டத்துக்கும் தனி மையம் உண்டு. 18 வயது முடிந்த, கிராமப்புற ஏழைக் குடும்பத்தினருக்கு முன்னுரிமை. பயிற்சியும் சாப்பாடும் இலவசம். பியூட்டிஷியன் பயிற்சி ஒரு மாத அளவில் இருக்கும். முடித்த பிறகு வங்கிக் கடன் வாங்குவதற்கும் வழிகாட்டுவார்கள்.

*ஐடிஐ:* 'காஸ்மெட்டாலஜி' என்ற ஓராண்டுப் பிரிவு இருக்கிறது. 10ஆம் வகுப்பு தேர்ச்சி தேவை. எல்லா ஐடிஐயிலும் இந்தப் பிரிவு இருக்காது. விண்ணப்பிக்கும்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

*திறன் பயிற்சிச் சான்றிதழ்:* மத்திய அரசின் திறன் தகுதிக் கட்டமைப்பில் 'உதவி பியூட்டி தெரபிஸ்ட்' மூன்றாம் நிலை, 'பியூட்டி தெரபிஸ்ட்' நான்காம் நிலை. பெரிய சலூன்களும் ஸ்பாக்களும் வேலைக்கு எடுக்கும்போது இந்தச் சான்றிதழ் கைகொடுக்கும்.

*தாட்கோ:* ஆதிதிராவிடர், பழங்குடியின இளைஞர்களுக்கான அழகுக்கலைப் பயிற்சிகள் அவ்வப்போது அறிவிக்கப்படுகின்றன. மாவட்ட மேலாளர் அலுவலகத்தில் கேட்டால் அடுத்த பேட்ச் எப்போது என்று சொல்வார்கள்.

தனியார் நிலையத்தில் சேர்வதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன் நான்கு கேள்வி கேளுங்கள். எத்தனை உண்மையான முகத்தில் செய்து பழக விடுவீர்கள்? சான்றிதழ் யார் கொடுப்பது? சுத்தம், தொற்றுத் தடுப்புக்குத் தனி வகுப்பு உண்டா? கட்டணத்துக்கு ரசீது தருவீர்களா? நான்குக்கும் நேரடியாகப் பதில் வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

இன்னொரு விஷயம். ஒரு மாதப் பயிற்சி முடித்தவுடனே கடை போட்டுவிட வேண்டாம். அனுபவம் உள்ள ஒருவரிடம் ஆறு மாதமோ ஒரு வருஷமோ உதவியாளராக இருந்தால்தான், விதவிதமான தோலைக் கை அடையாளம் கண்டுகொள்ளும்.

சம்பளம், லீவு, உட்கார நாற்காலி

இது முகூர்த்தத்தை நம்பிய தொழில். தை, வைகாசி, ஆவணியில் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் கடை வெறிச்சோடிக் கிடக்கும். அதனால் வேலைக்குச் சேரும்போதே மாதச் சம்பளம் எவ்வளவு, கமிஷன் எவ்வளவு, ஆடி மாதம் சம்பளத்தைக் குறைப்பார்களா என்று கேட்டு, எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

• உட்காரும் உரிமை: தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021ல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி செய்து தர வேண்டும். 'வேலை இல்லாட்டியும் நின்னுக்கிட்டே இரு' என்று சொல்ல முடியாது.

• இஎஸ்ஐ: 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடம் என்றால், 21,000 ரூபாய் வரை மாதச் சம்பளம் வாங்குபவர்களுக்கு இஎஸ்ஐ உண்டு.

• இ-ஷ்ரம்: நம் ஊர்ப் பார்லர்களில் பெரும்பாலும் இரண்டு, மூன்று பேர்தான். இவர்கள் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட இ-ஷ்ரம் தளத்தில் அமைப்புசாராத் தொழிலாளியாகப் பதிவு செய்யலாம். 16 முதல் 59 வயது வரை. கட்டணம் இல்லை.

• பாலியல் தொல்லை: ஸ்பாவில் வேலை செய்யும் பெண்கள் சந்திக்கும் பிரச்சினை. 10 பேருக்குக் குறைவான இடத்தில் புகார் குழு இல்லை என்றாலும், 2013ஆம் ஆண்டு சட்டப்படி மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். தொல்லை கொடுப்பவர் முதலாளியாக இருந்தாலும் சரி, வாடிக்கையாளராக இருந்தாலும் சரி. அவசர உதவிக்கு 181.

வளைகுடா நாட்டில் பியூட்டிஷியன் வேலை என்று ஆள் பிடிப்பவர்களிடம் கூடுதல் கவனம் வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட்டா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் விசாரித்துவிட்டுப் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள்.

சொந்தக் கடை போட்டால் கணக்கு எப்படி?

ஒரு ஃபேஷியலுக்கு 600 ரூபாய் வாங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். க்ரீம், பஞ்சு, டிஸ்போசபிள் ஷீட், கரண்ட் எல்லாம் சேர்த்து 200 ரூபாய் போனால் கையில் 400. கடை வாடகையும் உதவியாளர் சம்பளமும் சேர்ந்து மாதம் 16,000 ரூபாய் என்றால், முதல் 40 ஃபேஷியல் அதற்கே போய்விடும். உங்கள் சம்பளம் 41வது ஃபேஷியலில் இருந்துதான் ஆரம்பம். ஆடி மாதத்துக்கும் சேர்த்து இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கடனுக்கு முத்ரா திட்டத்தில் சிஷு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் ரூபாய் வரையும் கேட்கலாம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்குக் கிராமத்தில் 35 சதவீதம், நகரத்தில் 25 சதவீதம் மானியம் என்பது விதி. சொந்தப் பணம் 5 சதவீதம் போட வேண்டும். விண்ணப்பம், நிபந்தனைகள் பற்றி மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம். உத்யம் பதிவு இலவசம், அதற்கு இடைத்தரகர் தேவையில்லை.

ஜிஎஸ்டி? ஆண்டு வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். சலூன், அழகு நிலையச் சேவைகளுக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

உங்க கையைப் பார்த்தீங்களா?

அடுத்தவர் தோலைப் பார்க்கும் வேலையில் முதலில் கெட்டுப்போவது சொந்தக் கைதான். நாள் முழுக்கத் தண்ணீர், சோப்பு, ப்ளீச். ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கை ஈரமாகவே இருந்தால் கை அரிக்கும், வெடிக்கும், எக்சிமா வரும். ரசாயனம் தொடும்போது நைட்ரைல் கையுறை, கை கழுவியதும் மாய்ஸ்சரைசர், ரொம்பச் சூடான தண்ணீர் வேண்டாம். பெட்டின் உயரத்தைச் சரியாக வைத்தால் இடுப்பு வலி பாதி குறையும்.

த்ரெட்டிங்கில் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வது பழக்கம். அந்த நூல் அடுத்தவர் தோலில் படுகிறது, சில நேரம் ரத்தமும் படுகிறது. கழுத்தில் கட்டிக்கொண்டு செய்வது இருவருக்கும் பாதுகாப்பு. ஒருவருக்கு ஒரு நூல், முடிந்ததும் குப்பையில். ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்புக்கு வெளியே ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். காய்ந்த ரத்தத் துளிகூட ஆபத்து. பிளாக்ஹெட் எடுக்கும் கருவியை வெறும் தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தால் போதாது. கிருமிநீக்கம் செய்ய வேண்டும். இந்த வேலைக்கு வருபவர்கள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொள்வது நல்லது.

கடைசியா ஒரு கேள்வி

திரும்பவும் அந்தக் கல்யாணப் பொண்ணுக்கே வருவோம். பத்து நாள் இருக்கு, என்ன செய்யலாம்?

இன்றைக்கே பேட்ச் டெஸ்ட். புதுசாக எந்த க்ரீமும் ஆரம்பிக்க வேண்டாம். ஒத்துக்கொண்டால் கல்யாணத்துக்கு நான்கைந்து நாள் முன்பு ஒரு மைல்டு ஃபேஷியல். முந்தின நாள் ப்ளீச் வேண்டாம். வெயிலில் பத்திரிகை கொடுக்கப் போகும்போது சன் ஸ்க்ரீனும் துப்பட்டாவும். ராத்திரி தூக்கம். அதற்கு மேல் மேக்கப் பார்த்துக்கொள்ளும்.

"கலர் வராதாக்கா?" என்று அவர் திரும்பவும் கேட்பார். "உன் கலருக்கு என்னம்மா குறை? கல்யாணத்தன்னிக்கு முகம் நல்லா இருக்கணும், அதுக்கு நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு டவலை எடுங்கள். அன்றைக்கு ஒரு க்ரீம் விற்பனை போகும். அடுத்த வருஷம் அவர் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வருவார்.